சாத்தான் கடவுளுக்குச் சரிசமன் இல்லை: கிறிஸ்தவக் கதைகளில் நன்மையும் தீமையும்

போன நத்தார் ஒளிவிழாவுக்கு எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார்கள். வன்னியில், மடு மாதா கோயிலுக்குப் போகும் காட்டுப் பாதையோரம் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. வயல், குளம், ஒரு சிறு கோயில், அவ்வளவுதான். நாடகமும் ஊர்க்கதைதான். வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டைபிடித்து மூன்று வருடமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும். நடுவில் சாத்தான் வருகிறது. கறுப்புச் சட்டை, முகம் முழுக்கக் கரி. பிறகு வெள்ளை உடுப்போடு மிக்கேல் சம்மனசு, அதாவது தேவதூதர் மிக்கேல், வருகிறார். இரண்டு பேரும் பொல்லெடுத்துக் கால் மணித்தியாலம் அடிபடுகிறார்கள். ஒருமுறை சாத்தான் விழும், மறுமுறை மிக்கேல் விழுவார். கடைசியில் மிக்கேல் வெல்ல, அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழ, திரை.

வாசித்து முடித்ததும், "நல்லாயிருக்கு பிள்ளையள், ஆனா இதில கிறிஸ்தவம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "மிக்கேல் சம்மனசு வாறார்தானே ரீச்சர்" என்றான் எழுதிய பெடியன். அவனுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கிறிஸ்தவக் கதையோ நாவலோ கூத்தோ முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு இது உதவும். வாசிக்கிறவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றில்லை.

முதலில் சொற்களைச் சரிபார்த்துக்கொள்வோம். பழைய கத்தோலிக்கத் தமிழில் தேவதூதருக்குச் சம்மனசு என்றும் பிசாசுக்குப் பசாசு என்றும் பெயர். என் அம்மம்மா இந்த இரண்டையும் தவிர வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் தேவதூதன், பிசாசு. இன்றைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் வானதூதர், அலகை. அலகை புதுச்சொல் இல்லை, வள்ளுவரிடமே இருக்கிறது: "உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்" என்பது 850ஆவது குறள். சாத்தான் எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன், வழக்கில் குற்றஞ்சாட்டுபவன் என்று பொருள்.

எங்களூர் வாசகர் இடறுகிற முதல் இடம் 'பேய்' என்ற சொல். நாங்கள் பேய் என்றால் செத்துப்போன ஆளைத்தான் நினைக்கிறோம். அநியாயமாகச் செத்தவர், ஆசை அடங்காமல் செத்தவர், புளியமரத்தடியில் நிற்பவர். கிறிஸ்தவப் போதனையில் பசாசு ஒருநாளும் மனிதனாக இருந்ததில்லை. அது சம்மனசாகப் படைக்கப்பட்டு, தன் விருப்பத்தால் கடவுளை விட்டு விழுந்த ஒன்று. செத்தவர்களின் ஆவிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கிறிஸ்தவ நாவலில் பசாசு வரும்போது, 'பாவம், இது யாருடைய ஆவியோ' என்று தேடினால் கதை பிடிபடாது.

இனி அந்தப் பெடியனின் நாடகத்தில் எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன். அவன் மேடையில் சாத்தானும் சம்மனசும் ஒரே உயரம், ஒரே பலம். கையில் இருந்த பொல்லுகூட ஒரே அளவு. உலகம் வெளிச்சம், இருட்டு என்ற இரண்டு சம சக்திகளின் போர்க்களம் என்று சொன்ன ஒரு சமயம் உண்மையிலேயே இருந்தது. மானி என்பவர் மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தொடங்கியது அது. திருச்சபையின் பெரிய போதகர்களில் ஒருவரான புனித அகுஸ்தீனார் இளமையில் ஏறக்குறைய ஒன்பது வருடம் அதைப் பின்பற்றினார். பிறகு அதை விட்டு விலகி, பல நூல்களில் அதற்கு மறுப்பு எழுதினார். தீமைக்குத் தனியாக ஒரு பொருளோ இருப்போ இல்லை, இருக்கவேண்டிய நன்மை இல்லாமற்போவதே தீமை என்பது அவர் வந்து சேர்ந்த இடம். 1215இல் கூடிய திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கமும் இதையே அறிக்கையிட்டது: பசாசுகளைக் கடவுள் நல்லவையாகவே படைத்தார், அவை தாங்களாகத் தீயவை ஆயின.

கேட்க லேசாக இருக்கும், பிடிப்பது கஷ்டம். 'தீமை என்பதே இல்லாத ஒன்று என்றால், நாங்கள் பட்டதெல்லாம் என்ன?' என்று வன்னியில் யாரும் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொன்ன உவமை குளக்கட்டு. மாரியில் குளம் உடைப்பெடுத்ததைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். உடைப்பு என்பது என்ன? அது மண்ணா? கல்லா? கட்டு இருக்கவேண்டிய இடத்தில் கட்டு இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 'இல்லை' வழியாக வருகிற வெள்ளம் கதிர் முற்றிய வயலை மூடும், மாட்டைக் கொண்டுபோகும், ஆளையும் கொண்டுபோகும். உடைப்பு இல்லாமல் கட்டு இருக்கலாம். கட்டு இல்லாமல் உடைப்பு இருக்க முடியாது. அகுஸ்தீனார் சொன்ன தீமை இந்த மாதிரியானது. அழிவு முழுக்க உண்மை. அழிக்கிறதற்குச் சொந்தமாக ஒரு பிடி மண்கூட இல்லை.

இந்த ஒரு விஷயம் விளங்கினால் கிறிஸ்தவக் கதைகளின் கட்டமைப்பு பாதி விளங்கிவிடும். தீமைக்குச் சொந்தச் சரக்கு இல்லாததால் பசாசால் எதையும் படைக்க முடியாது, இருப்பதைத் திருகத்தான் முடியும். அன்பைத் திருகிப் பொறாமையாக்கும், நியாய உணர்வைத் திருகிப் பழியாக்கும். மனிதனை இழுத்துக்கொண்டு போகவும் அதற்கு அதிகாரம் இல்லை, காதில் சொல்லத்தான் முடியும். ஆகவே நல்ல கிறிஸ்தவக் கதையில் 'யார் வெல்வார்?' என்ற பதற்றம் இருக்காது. அது முன்பே தெரிந்தது. 'இந்த ஆள் எந்தப் பக்கம் சாய்வான்?' என்பதில்தான் எங்கள் மூச்சு நிற்கும்.

எங்கள் ஊர் நம்பிக்கைகளிலிருந்து இது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் பார்க்கலாம். என் அப்பப்பா சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார், பொலி என்பார். பெயர் சொன்னால் பூதம் வாரிக்கொண்டு போய்விடும். அந்தப் பூதம் கெட்டதா? அதற்குப் பசி. ஏமாற்றலாம், படையல் வைத்துச் சமாதானம் பண்ணலாம். காட்டுக்குள் போகுமுன் ஐயனாருக்குக் கொப்பு முறித்துப் போடுவதும் ஒரு மரியாதைதான், ஒரு பேச்சுவார்த்தைதான். கிறிஸ்தவக் கதையில் பசாசோடு பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. அதோடு ஒப்பந்தம் செய்கிறவன் ஆன்மாவை இழக்கிறான் என்பது ஐரோப்பாவில் பவுஸ்ற் கதையாகப் பல நூற்றாண்டு சுற்றிவந்தது. சம்மனசையும் யாரும் கட்டி வைத்து வேலை வாங்க முடியாது. அவர் தூதர், அனுப்பினால் வருவார்.

வேதாகமத்திலேயே இந்தக் கதைக்கலை தொடங்கிவிடுகிறது. எனக்கு எப்போதும் யோபுவின் நூல்தான் முதலில் நினைவுக்கு வரும், யோபு என்ற நல்ல மனிதன் எல்லாவற்றையும் இழக்கிற கதை. சாத்தான் அங்கே கடவுளின் அவைக்கே வந்து நிற்கிறது, குற்றஞ்சாட்டும் வழக்கறிஞர் மாதிரி. 'யோபு சும்மாவா உமக்கு அஞ்சுகிறான்? எல்லாம் கொடுத்திருக்கிறீர், எடுத்துப் பாரும்' என்கிறது. எடுக்க அனுமதி கேட்கிறது. கொடுத்த அந்த அனுமதிக்கும் ஓர் எல்லை போடப்படுகிறது: முதலில் அவன் உடலைத் தொடக்கூடாது, இரண்டாம் முறை உயிரைத் தொடக்கூடாது. கயிறு எப்போதும் கடவுள் கையில். அதற்குப் பிறகு நடப்பதுதான் வியப்பு. இரண்டாம் அதிகாரத்தோடு சாத்தான் கதையை விட்டே காணாமல் போய்விடுகிறது. 42 அதிகாரம் கொண்ட நூலில் மிச்சம் நாற்பதும் யோபுவும் நண்பர்களும் கடவுளும். மேலே என்ன பேச்சு நடந்தது என்று வாசகருக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவே இல்லை. இயற்கைக்கு அப்பாற்பட்டதை வாசகருக்குக் காட்டிப் பாத்திரத்துக்கு மறைக்கிற இந்த உத்தியைப் பின்னால் வந்தவர்கள் எத்தனையோ விதமாகக் கையாண்டார்கள்.

யோபுவுக்கு ஏழு ஆண், மூன்று பெண், பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் செத்துப்போகிறார்கள். முடிவில் கடவுள் திரும்பக் கொடுக்கும்போது 7000 ஆடு 14000 ஆகிறது, 3000 ஒட்டகம் 6000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை, மறுபடியும் ஏழும் மூன்றும்தான். போனவர்கள் போகவில்லை, அவர்களையும் சேர்த்தால் இரட்டிப்புத்தான் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அதை ஒரு செபக்கூட்டத்தில் சொன்னேன். 2009 போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா எழும்பி, "அப்பிடியெண்டா என்ர கணக்கிலயும் மூண்டுபேர்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு உயிரோடு இருப்பது இரண்டு பிள்ளைகள். அதற்கு மேல் அன்றைக்கு நான் எதுவும் விளக்கவில்லை.

நன்மையின் பக்கம் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு தோபித்து நூலைப் போல இன்னொன்று இல்லை. அது கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிறது, புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் இல்லை. அதனால் ஊரிலேயே பாதிப்பேருக்குத் தெரியாத கதை. கண் தெரியாத தோபித்து, மகன் தோபியாவைத் தூரதேசத்துக்குப் பணம் வாங்கிவர அனுப்புகிறார். துணைக்கு ஆள் தேட, ஒரு வழிகாட்டி அகப்படுகிறார். சம்பளம் பேசுகிறார்கள்: நாளுக்கு ஒரு திராக்மா. பையனுடைய நாயும் பின்னால் போகிறது. திக்ரிசு ஆற்றில் ஒரு மீன் பையனின் காலைக் கவ்வ வருகிறது. வழிகாட்டி அதைப் பிடிக்கச் சொல்லி, பித்தப்பை, இதயம், ஈரல் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்கிறார். போகிற ஊரில் சாரா என்ற பெண். அவளைக் கட்டிய ஏழு மாப்பிள்ளைமாரையும் முதல் இரவிலேயே அசமோதேயு என்ற பசாசு கொன்றிருக்கிறது. தோபியா அவளைக் கட்டுகிறான். மீனின் ஈரலையும் இதயத்தையும் தணலில் போட, புகை தாங்காமல் பசாசு எகிப்துவரை ஓடுகிறது. பித்தம் தகப்பனின் கண்ணைத் திறக்கிறது. எல்லாம் முடிந்து சம்பளம் கொடுக்கப் போகும்போதுதான் அந்த ஆள் சொல்கிறார்: நான் இரபேல், கடவுளின் முன் நிற்கும் ஏழு தூதரில் ஒருவன்.

இவ்வளவு பெரிய வல்லமை, கதை முழுவதும் கூலியாளாக நடந்து வந்திருக்கிறது! வாளோ ஒளியோ எதுவும் இல்லை. மருந்துகூட ஆற்று மீன்தான். பசாசு ஓடுகிற இடம் மூன்று வரியில் முடிந்துவிடும், வழிநடைதான் நீளம். போர் இடப்பெயர்வில் விசுவமடுப் பக்கம் எங்களை ஏற்றிக்கொண்ட லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரரை அம்மம்மா சாகும்வரை இரபேல் என்றுதான் சொன்னார். அவர் சம்மனசு இல்லை என்று எனக்குத் தெரியும், பீடி குடித்துக்கொண்டு வந்த மனிதர். ஆனால் அம்மம்மா அந்தக் கதையைச் சரியாகத்தான் வாசித்திருந்தார்.

மடு மாதாவின் வரலாற்றையும் இந்தப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அது புனைவு இல்லை, ஆனாலும் எங்கள் கற்பனையை வளர்த்தது அதுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன என்பது வழிவழி வந்த செய்தி. 2008 சித்திரையிலும் அதே சொரூபத்தைப் போருக்குத் தப்பத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்றுகிற தாயை மக்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. நன்மை இங்கே பலசாலியின் உருவில் வருவதில்லை. சிலுவையைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்காது.

இலக்கியத்துக்கு வருவோம். இத்தாலியக் கவிஞர் தாந்தே பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரகத்தைப் பாடினார். நரகத்தின் அடியில் எரிகிற நெருப்பைத் தேடிப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது பனிக்கட்டி. லூசிபர் நெஞ்சளவு ஐசுக்குள் புதைந்து கிடக்கிறான். மூன்று முகம். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆறு சிறகையும் அடித்துக்கொண்டே இருக்கிறான், அந்தச் சிறகுக் காற்றுத்தான் ஏரியை உறைய வைக்கிறது. தப்ப அடிக்க அடிக்க இன்னும் இறுகுகிறது. முல்லைத்தீவு மீன்வாடிகளில் மீனை ஐசுக்குள் தாழ்த்தி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் மூடாத பார்வை தெரியும். தீமைக்குச் சொந்த உயிர்ப்பு இல்லை என்று அகுஸ்தீனார் சொன்னதைத் தாந்தே படமாகவே கீறிவிட்டார்.

ஆங்கிலக் கவிஞர் மில்ரனின் சாத்தான் நேர் எதிர். 1667இல் வெளிவந்த அவருடைய காவியத்தில் சாத்தான் பேசுகிற பேச்சில் மயங்காதவர் குறைவு. மில்ரன் தெரியாமலே பசாசின் கட்சியில் இருந்தார் என்று வில்லியம் பிளேக் எழுதினார். நான் அப்படி நினைக்கவில்லை. நூல் போகப்போக அந்தச் சாத்தான் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் பாம்பாகிச் சீறுவதோடு முடிகிறான். ஆனால் முதல் இரண்டு பாகத்தோடு நிறுத்துகிறவர்களுக்கு அவன்தான் நாயகன். எங்கள் கூத்திலும் இந்த ஆபத்து உண்டு. கொடியவனுக்குத்தான் நல்ல வரவுப் பாட்டு, நல்ல தாளக்கட்டு. பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும்.

தமிழிலும் இந்த மரபு பழையது. வீரமாமுனிவர் 1726இல் பாடிய தேம்பாவணி, கிருஷ்ண பிள்ளை, ஜோன் பனியன் என்ற எழுத்தாளரின் ஆங்கிலக் கதையைத் தழுவி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் இரண்டும் பெரிய நூல்கள். எங்களுக்கு இன்னும் கிட்டவானது மன்னார்ப் பக்கத்துக் கூத்துகளில் ஆடப்படும் ஞானசவுந்தரி. சிற்றன்னையின் பொறாமையால் காட்டில் கை வெட்டப்பட்ட பெண். மாதா அவளுக்குக் கைகளைத் திரும்பக் கொடுக்கிறார். அங்கே தீமை செய்யப் பசாசு வரவேண்டிய தேவையே இல்லை, ஒரு வீட்டுக்குள் இருக்கிற பொறாமை போதும். வெட்டும்போது வானமும் திறக்கவில்லை. புதுமை, அதாவது அற்புதம், பிறகுதான் வருகிறது. அது அவளைக் காப்பாற்றியது, நடந்ததை நடக்காததாக்கவில்லை.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட நூல் தொடக்க வாசகருக்கு நல்ல வாசல். ஸ்குரூடேப் என்ற மூத்த பசாசு, ஒரு மனிதனைக் கெடுக்க அனுப்பப்பட்ட மருமகனுக்கு எழுதும் 31 கடிதங்கள். கொலை செய்யத் தூண்டு என்று மாமன் சொல்வதில்லை. தாயின் பேச்சில் எரிச்சல்படவை, செபத்தைக் கொஞ்சம் பிந்தப்பண்ணு, பக்கத்தில் இருப்பவரின் பாட்டைக் கேட்டுச் சிரிக்கவை என்கிற மாதிரி அற்பமான யோசனைகள்தான். பசாசே இல்லை என்பதும், எந்நேரமும் பசாசு நினைப்பாகவே இருப்பதும் இரண்டுமே பசாசுக்குச் சந்தோசம் என்று லூயிஸ் முன்னுரையில் எச்சரிக்கிறார்.

இரண்டாவது தவறுதான் எங்கள் பக்கத்தில் இப்போது அதிகம். அமெரிக்காவில் 1986இல் பிராங்க் பெரெற்றி எழுதிய நாவல் ஒன்று பெரிய அலையை எழுப்பியது. சின்னப் பட்டணம் ஒன்றின் மேலே சம்மனசுகளும் பசாசுகளும் வாளோடு மோதுகின்றன, கீழே மக்கள் செபிக்கச் செபிக்கச் சம்மனசுகளுக்குப் பலம் கூடுகிறது. செபத்தை உயிருள்ள செயலாகக் காட்டியது அதன் பலம். ஆனால் அந்தப் பாணியைப் பின்பற்றி எழுதுகிறவர்கள் காய்ச்சலுக்கு ஒரு பசாசு, கடனுக்கு ஒரு பசாசு என்று வைத்தால், ஆள் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். அதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடும் கோயிலைப் பசாசின் வீடாகக் காட்டும் கதைகளைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருகிறார்கள். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கி, ஆவணித் திருவிழாவுக்கு மடுவில் கொட்டில் போட்டுத் தங்குகிற குடும்பங்களோடு வாழ்கிறோம். அவர்களைப் பசாசின் ஆட்கள் என்று எழுதுவது வேதத்துக்கும் பொய், ஊருக்கும் பொய்.

போரை எழுதும்போதும் இதே பொறி இருக்கிறது. எங்களைக் கொன்றவனுக்குச் சாத்தானின் முகத்தை ஒட்டிவிடக் கை துடிக்கும். அந்தத் துடிப்பு எனக்கும் இருக்கிறது. ஆனால் எங்கள் போராட்டம் இரத்தமும் சதையுமான மனிதரோடு அல்ல என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதுகிறார். மனிதனைப் பசாசாக்கினால் அவன் செய்த குற்றத்துக்கு அவனிடம் கணக்குக் கேட்க முடியாமல் போகும். பசாசை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை. மனிதனை மனிதனாக எழுதினால்தான், 'நீ வேறு மாதிரிச் செய்திருக்கலாம்' என்று அவனைப் பார்த்துச் சொல்லலாம்.

இதையெல்லாம் ஒரே நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு எடுத்தது. நாலாம் ஞாயிறு புது நாடகம் வந்தது. பொல்லுச் சண்டை போய்விட்டது. அண்ணன் இரவில் ரோச் லைற் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் புறப்படுகிறான். வரம்பில் ஏறியதும் நின்றுவிடுகிறான். அவனோடு கூடவே சாரம் கட்டிய ஒருவன், ஊர்க்காரன் மாதிரி. மற்றப் பக்கத்தால் பை ஒன்றோடு முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து, "தம்பியார் வீட்டுக்கு வழி தெரியேல்லை, கூட வாறீங்களோ?" என்று கேட்கிறார். இரண்டு பேரில் யார் யார் என்று நாடகத்தில் எங்கும் சொல்லவில்லை.

சாத்தானாக நடித்த பெடியனுக்கு முதலில் மனவருத்தம். "ரீச்சர், கரி பூசுறேல்லையோ? ஒரேயொரு வசனம்தானே கிடக்கு" என்றான். தகப்பனின் சாரத்தைக் கட்டிக்கொண்டு மேடையேறினான். அண்ணனின் கையிலிருந்த ரோச்சை மெல்ல வாங்கிக்கொண்டு, உண்மையான அக்கறையோடு அந்த ஒரு வசனத்தைச் சொன்னான்: "அண்ணை, பனி கொட்டுது. நாளைக்குப் போவம்."

முன்வரிசையில் பாயில் இருந்த ஒரு ஆச்சி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஓமடா தம்பி, பனிதானே, நாளைக்குப் போகலாம்."